கடிதத்தில் ஆங்கிலம்: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு'வுக்கு அடுத்து என்ன வரும்?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே வடசென்னையிலிருந்து. அதிகம் பேர் கேட்டிருப்பது கடிதத்தை முடிக்கும் வரியைப் பற்றி. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கப்பல் கம்பெனிகளுக்குத் தினமும் மெயில் போட வேண்டும். கடைசி வரியாக 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்றுதான் எழுதுவேன். புதிதாக வந்த மேனேஜர், 'ஹியர் இல்லை, ஹியரிங்' என்று திருத்துகிறார். 'டு' வந்தால் அடுத்து வெறும் வினைச்சொல்தானே வரும்? பள்ளியில் அப்படித்தானே படித்தோம்?
— வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: மேனேஜர் சொல்வது சரி. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்பதே முறையான வாக்கியம். நீங்கள் படித்ததும் பொய்யில்லை. ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை செய்கிறது. பள்ளியில் மனத்தில் பதிந்தது அதில் ஒன்று.

'ஐ வான்ட் டு கோ' என்பதில் வரும் 'டு', வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருவது. 'ஐ வென்ட் டு ராயபுரம்' என்பதில் வரும் 'டு' வேறு. அது நம் நான்காம் வேற்றுமை 'கு' செய்யும் வேலையைச் செய்கிறது. தனக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைக் கேட்கும். 'லுக் ஃபார்வர்ட் டு'வில் இருப்பது இந்த இரண்டாவது 'டு'. அங்கே ஒரு வினைச்சொல்லை வைத்தே ஆக வேண்டுமென்றால், 'இங்' சேர்த்துப் பெயராக்கித்தான் வைக்க முடியும். ஹியர் என்பது ஹியரிங் ஆகும். மீட் என்பது மீட்டிங் ஆகும்.

எந்த 'டு' என்று சந்தேகம் வந்தால், அதற்குப் பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' என்றால் வாக்கியம் முழுமையாக நிற்கிறது. 'ஐ வான்ட் டு இட்' நிற்காது. நின்றால் 'இங்' போடுங்கள், நிற்காவிட்டால் வெறும் வினை.

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் மட்டும் ஏன் இப்படித் தவறுகிறது? 'உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்றுதான் மனத்தில் முதலில் ஓடும். 'சந்திக்க' என்பதை ஆங்கிலத்தில் போட்டால் 'டு மீட்' என்று வந்துவிடுகிறது. அதற்குப் பதில் 'எதிர்நோக்குகிறேன்' என்ற சொல்லை வைத்து நினைத்துப் பாருங்கள். 'சந்திக்க எதிர்நோக்குகிறேன்' என்று யாரும் எழுத மாட்டோம். 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்', 'உங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்' என்போம். அந்தச் 'சந்திப்பதை'தான் ஆங்கிலத்தின் 'மீட்டிங்'. தமிழில் தொழிற்பெயர் வருகிற இடத்தில் ஆங்கிலத்திலும் 'இங்' வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வினைச்சொல்லே வேண்டாம் என்றால் இன்னும் சுலபம்: 'வி லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை'. தவறவே வழியில்லை, நீளமும் குறைவு.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, 'டு'வை விழுங்கிவிடுவது. 'லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை', 'லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை' இரண்டுமே பிழை. இரண்டு, எழுத்துப்பிழை. ஃபார்வர்ட் என்பதில் 'ஆர்' எழுத்தை அடுத்து நேராக 'டபிள்யூ', பிறகு 'ஏ'. நடுவில் 'இ' நுழைத்து, 'ஏ' வரவேண்டிய இடத்தில் 'ஓ' போட்டால் அது புத்தகத்தின் அணிந்துரையைக் குறிக்கும் வேறு சொல். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி பல நேரம் இதைப் பிடிக்காது. மூன்று, ஒரு முறை திருத்தப்பட்டவர்கள் அடுத்த நாளிலிருந்து எல்லா 'டு'வுக்கும் 'இங்' போட ஆரம்பித்துவிடுவது. 'வி வுட் லைக் டு இன்ஃபார்மிங் யூ' என்று எழுதும் ஆபீஸ்கள் இருக்கின்றன. லைக் டு, ஹோப் டு, விஷ் டு, எக்ஸ்பெக்ட் டு, ரிக்வெஸ்ட் யூ டு இவற்றுக்கெல்லாம் வெறும் வினைதான்.

கேள்வி: இந்த வருடம் டிப்ளமோ முடித்திருக்கிறேன். வேலைக்கு மனுப் போடும்போது 'ஐ லுக் ஃபார்வர்ட்' என்பதா, 'ஐ யம் லுக்கிங் ஃபார்வர்ட்' என்பதா, வெறுமனே 'லுக்கிங் ஃபார்வர்ட்' என்பதா?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: மூன்றும் இலக்கணப்படி செல்லும். மரியாதையின் அளவுதான் மாறும். முகம் தெரியாத மேலாளருக்கு 'ஐ லுக் ஃபார்வர்ட் டு'. நேர்காணல் ஒரு சுற்று முடிந்து, பேசிப் பழகியவருக்கு 'ஐ யம் லுக்கிங் ஃபார்வர்ட் டு'. எழுவாய் இல்லாத வெறும் 'லுக்கிங்' சக ஊழியருக்கும் நண்பருக்கும். வேலை மனுவில் முதலாவதே பொருத்தம்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் மகிழ்ச்சி கலந்திருக்கிறது. நம் 'எதிர்பார்க்கிறோம்' அப்படியில்லை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அதையே சொல்கிறோம். 'புயலால் கப்பல் இரண்டு நாள் தாமதமாகும் என எதிர்பார்க்கிறோம்' என்பதை ஆங்கிலமாக்கும்போது 'லுக்கிங் ஃபார்வர்ட் டு எ டிலே' என்று எழுதிவிட்டால், தாமதம் எப்போது வரும் என்று ஆசையோடு காத்திருப்பதாகப் பொருள் ஆகிவிடும். அங்கே 'வி எக்ஸ்பெக்ட் எ டிலே ஆஃப் டூ டேஸ்' என்றுதான் எழுத வேண்டும். நீங்கள் விரும்புகிற ஒன்று என்றால் 'லுக் ஃபார்வர்ட் டு'. நடக்கும் என்ற கணிப்பு மட்டும் என்றால் 'எக்ஸ்பெக்ட்'.

கேள்வி: ஊழியர் ஒருவருக்குப் பாஸ்போர்ட்டுக்காகத் தடையில்லாச் சான்று அடிக்க வேண்டியிருந்தது. 'வி ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன் டு ஹிம் டு அப்ளை' என்று அடித்தேன். இரண்டு 'டு' வருவது உறுத்துகிறது.
— வாசகர், மணலி

பதில்: உறுத்தல் நியாயமானது. மேலே சொன்ன அதே 'டு'தான் இங்கும். 'ஆட்சேபணை எதற்கு' என்ற கேள்விக்கு 'அவர் விண்ணப்பிப்பதற்கு' என்று பதில் வருகிறது, பாருங்கள். எனவே 'வி ஹேவ் நோ அப்ஜெக்‌ஷன் டு ஹிஸ் அப்ளையிங் ஃபார் எ பாஸ்போர்ட்'. 'ஹிஸ்' என்பது சான்றிதழ் நடைக்குப் பொருத்தம். 'ஹிம் அப்ளையிங்' என்று எழுதினாலும் இன்றைய வழக்கில் ஏற்பார்கள். பெண் ஊழியர் என்றால் 'ஹர்'. பழைய சான்றை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் இடங்களில் பெண்ணுக்கு 'ஹிஸ்' என்று போய்விடுவது வழக்கமான தவறு. கையெழுத்துக்கு அனுப்பும் முன் அதை ஒரு முறை பாருங்கள்.

கேள்வி: 'யூஸ்ட் டு'வுக்குப் பிறகும் 'இங்' வருமா? சில இடத்தில் வருகிறது, சில இடத்தில் வரவில்லை.
— வாசகர், பெரம்பூர்

பதில்: எழுத்து ஒன்று, தொடர் இரண்டு. 'முன்பு நைட் ஷிஃப்ட் பார்ப்பேன், இப்போது இல்லை' என்றால் 'ஐ யூஸ்ட் டு வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்'. 'நைட் ஷிஃப்ட் எனக்குப் பழகிவிட்டது' என்றால் 'ஐ யம் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்'. முன்னால் யம், இஸ், ஆர், வாஸ், கெட் இவற்றில் ஒன்று இருந்தால் 'பழகிவிட்டது' என்ற பொருள், 'இங்' வரும். இல்லாவிட்டால் 'முன்பு வழக்கம்' என்ற பொருள், வராது. பயோடேட்டாவில் இது மாறினால், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டதாக எதிரே இருப்பவர் புரிந்துகொள்வார். முதல் வகையைக் கேள்வியாகவோ எதிர்மறையாகவோ மாற்றும்போது 'டிட்' வந்துவிடுவதால் 'யூஸ்' மட்டும் போதும். கடைசி 'டி' எழுத்து கூடாது.

கேள்வி: காசிமேடு பக்கம் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் டாக்குமென்ட் வேலை. 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று எழுதினால் பதில் தாமதமாகத்தான் வருகிறது. அந்தத் தொடரே தப்பு என்கிறார் நண்பர். எல்லா ஆபீஸிலும் எழுதுகிறார்களே?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தொடர் தப்பில்லை. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் புழங்கியதுதான். அங்கே அது பழசாகிப் போனது. நம் அலுவலகங்களில் நிலைத்துவிட்டது. சென்னையிலிருந்து மும்பைக்கு எழுதினால் யாருக்கும் புரியும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதினால் பழைய வாடை அடிக்கும், அவ்வளவுதான்.

பதில் தாமதமாவதற்குக் காரணம் வேறு. 'ஆவன செய்க' என்று கேட்கிறீர்களே தவிர, என்ன ஆக வேண்டும் என்பது மெயிலில் இல்லை. மாதிரிக்கு ஒன்றைப் பார்ப்போம். உறைந்த இறாலைக் குளிர்சாதனக் கன்டெய்னரில் அனுப்புகிறீர்கள். சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ஆவணமான பி.எல். (பில் ஆஃப் லேடிங்) வரைவு வருகிறது. வெப்பநிலை மைனஸ் 18 என்று இருக்க வேண்டிய இடத்தில் ப்ளஸ் 18 என்று விழுந்திருக்கிறது. உடனே போகிற மெயில் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

'டியர் சார், தேர் இஸ் எ மிஸ்டேக் இன் தி பி.எல். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அண்ட் ரிவர்ட் பேக் அட் தி எர்லியஸ்ட்.'

இதைப் படிப்பவரின் மேசையில் அன்றைக்குப் பல ஏற்றுமதியாளர்களின் பி.எல். இருக்கும். எது உங்களுடையது, எந்த வரியில் தவறு, என்னவாக மாற்ற வேண்டும், எப்போது வேண்டும் என்ற நான்குமே இதில் இல்லை. அவர் திருப்பிக் கேட்பார். நீங்கள் பதில் போடுவீர்கள். ஒரு நாள் போய்விடும். கப்பல் கிளம்பிய பிறகு என்றால் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். சரக்குப் பட்டியல் சுங்கத் துறைக்குப் போய்விட்டிருந்தால் அங்கேயும் திருத்த வேண்டிவரும். அதே மெயிலை இப்படி எழுதுங்கள்:

'டியர் சார், இன் தி டிராஃப்ட் பி.எல். ஃபார் தி அபவ் புக்கிங், தி டெம்பரேச்சர் இஸ் ஷோன் அஸ் ப்ளஸ் 18 டிகிரீஸ் செல்சியஸ். ப்ளீஸ் கரெக்ட் இட் டு மைனஸ் 18 டிகிரீஸ் செல்சியஸ் அண்ட் சென்ட் அஸ் தி ரிவைஸ்ட் டிராஃப்ட் பை 4 பி.எம். டுடே, 12 மார்ச்.'

புக்கிங் எண்ணும் கன்டெய்னர் எண்ணும் மெயிலின் தலைப்பு வரியிலேயே இருக்கட்டும். அப்போதுதான் 'அபவ்' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று தெரியும். கன்டெய்னர் எண்ணை எழுதும்போது பதினோரு இடமும் இருக்கிறதா என்று எண்ணுங்கள்: நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் பெட்டியின் மேல் தனிக் கட்டத்துக்குள் எழுதப்பட்டிருப்பதால் அதை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் உண்டு.

'அட் தி எர்லியஸ்ட்' பற்றியும் சொல்ல வேண்டும். சீக்கிரம் என்பது உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. 'அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' என்றால் இன்னும் மோசம். உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது செய்யுங்கள் என்று நீங்களே அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள். அவசரம் என்றால் மணியையும் தேதியையும் போடுங்கள். அதில் அவமரியாதை எதுவும் இல்லை. 'ப்ளீஸ்' இருந்தால் போதும்.

தேதிக்கு முன்னால் 'பை' வர வேண்டுமா 'டில்' வர வேண்டுமா என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். தமிழில் கேட்டுப் பாருங்கள். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை ஃப்ரைடே'. 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் 'டில் ஃப்ரைடே'. 'சென்ட் இட் டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று ஆகிவிடும். வெளிநாட்டுக்குப் போகும் மெயிலில் மாதத்தை எண்ணால் எழுதவே எழுதாதீர்கள். 3/4 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. சரக்கு ஏற்றும் தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் ஒரு மாதம் மாறிவிடும்.

கேள்வி: மேலே உங்கள் மாதிரியிலேயே வரும் 'ரிவர்ட் பேக்' சரியா? எண்ணூரில் உள்ள எங்கள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளருக்கு 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று எழுதினோம். 'எதைப் பழையபடி மாற்றச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டுப் பதில் வந்தது. (இந்தப் பகுதியின் நகலை ஒரு நண்பர் முன்கூட்டியே காட்டினார்.)
— வாசகர், எண்ணூர்

பதில்: தவறான மெயிலின் மாதிரி என்பதால்தான் அங்கே அது இருக்கிறது. 'ரிவர்ட்' என்பதன் பொதுப் பொருள் பழைய நிலைக்குத் திரும்புவது. 'பதில் எழுதுவது' என்ற பொருள் இந்தியாவிலும் வேறு சில ஆசிய நாடுகளிலும் வளர்ந்தது. அந்தப் பொருளை இன்று அகராதிகளும் பதிவு செய்கின்றன. எனவே உள்ளூரில் 'ப்ளீஸ் ரிவர்ட்' என்று எழுதுவதைப் பிழை என்று சொல்ல மாட்டோம். உங்கள் வாடிக்கையாளருக்கு அது வரைபடத்தைப் பழைய அளவுக்கே மாற்றச் சொல்வதாகத் தெரிந்திருக்கும். பொறியியல் வேலையில் அந்தப் பொருள் இயல்பாகவே வரும். அளவு, வரைபடம், ஒப்பந்த விலை பற்றிய மெயில்களில் இந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம். 'ப்ளீஸ் ரிப்ளை', 'ப்ளீஸ் லெட் அஸ் நோ' என்று எழுதுங்கள்.

'ரிவர்ட் பேக்' இரண்டு பொருளிலும் பிழைதான். 'ரி' என்பதிலேயே திரும்புதல் இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்', 'ரிப்ளை பேக்', 'ரிபீட் அகெய்ன்' எல்லாம் இதே கணக்கு.

கேள்வி: 'வித் ரிகார்ட்ஸ் டு', 'வித் ரிகார்ட் டு' எது சரி?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: பொருளைச் சுட்ட 'வித் ரிகார்ட் டு', 'எஸ்' வராது. 'ஆஸ் ரிகார்ட்ஸ்' என்ற இன்னொரு தொடரில் 'எஸ்' உண்டு, ஆனால் 'டு' வராது. இரண்டையும் கலப்பதால்தான் பிழை பிறக்கிறது. 'எஸ்' சேர்ந்த 'ரிகார்ட்ஸ்' வணக்கத்தைக் குறிக்கும். கடிதத்தின் முடிவில் 'வித் பெஸ்ட் ரிகார்ட்ஸ்' என்று கையெழுத்துக்கு மேலே வைக்கலாம். பெரும்பாலான இடங்களில் 'அபவுட்' என்ற ஒரே சொல் இந்த வேலையைச் செய்துவிடும். அதையே சிபாரிசு செய்கிறோம்.

கேள்வி: 'ப்ளீஸ் ஃபைண்ட் தி அட்டாச்ட்' என்று எழுதலாமா? 'என்க்ளோஸ்ட்' எப்போது?
— வாசகர், திருவொற்றியூர்

பதில்: 'தி அட்டாச்ட்' என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கிறது, எது இணைக்கப்பட்டது என்ற பெயர்ச்சொல் வேண்டும். 'ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்ட் தி இன்வாய்ஸ்' அல்லது 'ப்ளீஸ் ஃபைண்ட் தி இன்வாய்ஸ் அட்டாச்ட்' என்று எழுதலாம். 'ஐ ஹேவ் அட்டாச்ட் தி இன்வாய்ஸ்' இவை எல்லாவற்றையும் விட நேரானது. 'ஹியர்வித்' சேர்க்கத் தேவையில்லை. இணைத்தாயிற்று என்றாலே இத்துடன்தான். மெயிலோடு வருவது 'அட்டாச்ட்'. தபால் உறைக்குள் கடிதத்தோடு வைத்து அனுப்புவது 'என்க்ளோஸ்ட்'.

எத்தனை ஃபைல், என்னென்ன என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள்: 'த்ரீ ஃபைல்ஸ்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்'. ஒன்று விடுபட்டாலும் பெறுகிறவருக்கு உடனே தெரியும். ஸ்கேனர் கொடுத்த எண்ணையே ஃபைல் பெயராக விடாமல், இன்வாய்ஸ் எண்ணைப் பெயராக வையுங்கள். வேலை செய்யும் வரிசையும் முக்கியம்: முதலில் ஃபைலை இணைப்பது, பிறகு மெயில் எழுதுவது, கடைசியில் முகவரி போடுவது. முகவரி காலியாக இருக்கும் வரை அரைகுறை மெயில் தவறிப் போகாது.

கேள்வி: மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு லீவ் லெட்டர் எழுத வேண்டும். 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ' என்று எழுதிக்கொடுத்தாள் பக்கத்து வீட்டுப் பெண். முடிவில் 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' போடலாமா? நானும் அவன் பள்ளியில் எழுதுவதைப் போலவே எழுத வேண்டுமா?
— வாசகி, புதுவண்ணாரப்பேட்டை

பதில்: 'கைண்ட்லி' என்பது கேட்கப்படுபவரின் கருணையைச் சொல்லும் சொல். 'கைண்ட்லி கிராண்ட் ஹிம் லீவ்' என்றால் அவர் கருணையோடு விடுப்பு தரட்டும் என்று பொருள், சரி. 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட்' என்றால் நீங்கள் கருணையோடு கேட்பதாக ஆகிறது. 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் ஹிம் லீவ்' என்று எழுதுங்கள். 'ரிக்வெஸ்ட் யூ ஃபார் டு' என்று நடுவில் எதையும் நுழைக்காதீர்கள்.

'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' மாணவர் ஆசிரியருக்கு எழுதும் பழைய முடிவு. பெற்றோருக்கு அது பொருந்தாது. கீழ்ப்படிதல் உங்களுக்கும் தலைமை ஆசிரியருக்கும் இடையே உள்ள உறவு இல்லை. முகப்பில் 'டியர் சார்' அல்லது 'டியர் மேடம்' என்று பெயரில்லாமல் தொடங்கினால் 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுல்லி'. பெயர் சொல்லி, 'டியர் மிஸஸ்' என்று தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. இது பிரிட்டிஷ் முறை. நம் பள்ளிகளும் அலுவலகங்களும் பின்பற்றுவது இதைத்தான். 'ரெஸ்பெக்டட் சார்' நம் ஊரில் செல்லும், அதற்கும் 'ஃபெயித்ஃபுல்லி'யே.

கடிதம் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிடும்: 'மை சன், ஆஃப் கிளாஸ் சிக்ஸ் பி, ஹாஸ் ஃபீவர் அண்ட் வில் நாட் பி ஏபிள் டு அட்டெண்ட் ஸ்கூல் ஆன் 10 அண்ட் 11 ஜூலை. ஐ ரிக்வெஸ்ட் யூ டு கிராண்ட் ஹிம் லீவ் ஃபார் தீஸ் டூ டேஸ்.' 'மை சன்' என்பதை அடுத்து மகனின் பெயர் வரட்டும். பிள்ளை எழுதும் மாதிரியைப் பார்த்து எழுதினால் 'ஐ யம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று காய்ச்சல் தாய்க்குப் போய்விடும், அதைக் கவனியுங்கள். விடுப்பு முடிந்த பிறகு கொடுக்கும் கடிதம் என்றால் 'வில் நாட் பி ஏபிள் டு' இருக்கும் இடத்தில் 'வாஸ் நாட் ஏபிள் டு' என்று மாற்ற வேண்டும். கடைசி வாக்கியத்தில் 'கிராண்ட்' மாறாது.

கேள்வி: மெயில் எழுத உட்கார்ந்தாலே கணினியும் போனும் 'ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று தானாக நீட்டுகின்றன. எல்லா மெயிலிலும் விடலாமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: 'நலம், நலமறிய ஆவல்' என்று நம் கடிதங்கள் தொடங்கிய மாதிரிதான் இதுவும். ஒருவருக்கு முதல் முறை எழுதும்போதோ, மாதக்கணக்கில் தொடர்பில்லாமல் இருந்து மீண்டும் எழுதும்போதோ அழகாகவே இருக்கும். ஒரே விஷயத்துக்கு மூன்றாவது முறை எழுதும் மெயிலில் அதற்கு இடமில்லை. புகார்க் கடிதத்திலும் கூடாது. பத்து நாளாக வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று எழுதும் கடிதத்தின் முதல் வரி நலம் விசாரிப்பதாக இருந்தால், படிப்பவர் அவசரத்தை உணர மாட்டார். இரங்கல் கடிதத்தில் அந்த வரி காயப்படுத்தும்.

வைத்தே ஆக வேண்டும் என்றால் 'ஃபைண்ட்ஸ்' என்பதில் கடைசி 'எஸ்' எழுத்தை விடாதீர்கள், ஈமெயில் ஒருமை. நினைவூட்டும் மெயிலை 'ஐ ரோட் டு யூ ஆன் 3 மார்ச் அபவுட்' என்று தொடங்கி, பழைய மெயிலின் தேதியையும் விஷயத்தையும் சொல்லி, இப்போது என்ன வேண்டும் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள். எந்த மென்பொருள் எழுதிக்கொடுத்தாலும் தேதி, எண், பெயர் மூன்றையும் உங்கள் கண்ணால் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.

கேள்வி: 'யுவர்ஸ்' என்பதில் 'எஸ்'ஸுக்கு முன்னால் மேலே ஒரு சிறிய குறி வைத்துத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் எழுதுகிறோம். சரிதானே?
— வாசகர், கொடுங்கையூர்

பதில்: சரியில்லை. ஹிஸ், ஹர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ் எதற்கும் அந்தக் குறி கிடையாது. 'யுவர்ஸ்' என்ற சொல்லின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து. அடுத்து வரும் 'ஃபெயித்ஃபுல்லி' சிறிய எழுத்தில் தொடங்கி, கடைசியில் இரண்டு 'எல்' பெறும். அதன் பின்னால் ஒரு காற்புள்ளி வைத்து, அடுத்த வரியில் கையெழுத்து.